நாகரிகமும் குடியுரிமையும்

2019 ஆகஸ்ட் 31 அன்று அசாமில் தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வெளியானது. 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் இல்லை. ஒரு மாதம்கூட நிறைவுறாத நிலையில், செப்டம்பர் 27 அன்று, ஐ.நா. பொதுச்சபையில் உரையாற்றிய பிரதமர் மோடி கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று அடியை எடுத்தாண்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, மதத்தைக் குடியுரிமைக்கு அளவுகோலாக்கும் திருத்தச் சட்டம் நிறைவேறியது. உலக மேடையில் மனித ஒருமை பேசிய அரசு, உள்நாட்டில் ஏழை உழவனிடம் 1971 மார்ச் 24-க்கு முந்தைய ஆவணம் எங்கே என்று கேட்டது.

உலகக் குடியுரிமை இயலுமா என்று அறிஞர்கள் வினவுகின்றனர். மூலதனத்திற்கு அது என்றோ கிடைத்துவிட்டது. பணம் கட்டுவோருக்குக் குடியுரிமையையே விற்கும் நாடுகள் உள்ளன. மால்டாவின் அத்தகைய திட்டம் சட்டத்திற்கு முரணானதென ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில்தான் தீர்ப்பளித்தது. உழைப்பாளியின் நிலையோ வேறு. புலம்பெயர் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. 1990-இல் ஏற்றது, 2003-இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை, பிலிப்பைன்ஸ், வங்கதேசம் ஆகியவை அதில் இணைந்துள்ளன. அமெரிக்காவோ மேற்கு ஐரோப்பிய நாடுகளோ இணையவில்லை. வளைகுடாவுக்கு லட்சக்கணக்கில் உழைப்பாளரை அனுப்பும் இந்தியாவும் இணையவில்லை.

இவ்விடத்தில் சிலர் நாகரிகத்தைத் தீர்வாக முன்வைக்கின்றனர். ஒருவரையொருவர் பண்புடன் நடத்தினால் எல்லைகள் தாமே தளரும் என்கின்றனர். அச்சொல்லைச் சற்று ஆராய்வோம். தமிழில் பண்பட்ட நடத்தையைச் சுட்டும் ‘நாகரிகம்’ இந்தியில் ‘நாகரிக்தா’ என்னும் வடிவில் குடியுரிமையைச் சுட்டுகிறது. ஒரே வேரிலிருந்து கிளைத்த இவ்விரு பொருள்களையும் பிரித்துப் பார்ப்பதே நம் காலத்தின் பிழை. திருக்குறளில் நாகரிகம் என்னும் சொல் ‘கண்ணோட்டம்’ அதிகாரத்தில் வருகிறது. அவ்வதிகாரம் அரசியலில் அமைந்துள்ளது. நாகரிகம் முதற்கண் அதிகாரம் படைத்தோனிடம் எதிர்பார்க்கப்படுவது என்று இதனைக் கொள்ளலாம். இன்றோ அது தலைகீழாகியுள்ளது. கூலி கேட்டுக் குரல் உயர்த்துவோருக்கே ‘நாகரிகமாகப் பேசு’ என்னும் அறிவுரை கிடைக்கிறது. உரிமையற்றவனிடம் கேட்கப்படும் நாகரிகம் பணிவின் மறுபெயரே.

அதற்காக நாகரிகத்தை முதலாளித்துவப் பூச்சு என்று தள்ளிவிடலாகாது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. அவை பொய் என்பது உண்மை. ‘வடக்கன்’ என்னும் இழிசொல் நம் தெருக்களிலும் தொழிற்கூடங்களிலும் புழங்குவதும் உண்மை. அச்சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகரும் தோழர், சர்வதேசியம் குறித்து வகுப்பெடுத்துப் பயனில்லை. கூலியைக் குறைப்பவன் பீகாரி என்று ஒரு தொழிலாளி நம்பும் நொடியில் முதலாளி வென்றுவிடுகிறான்.

உலகக் குடியுரிமையை எந்த அரசும் தானே வழங்கப்போவதில்லை. உழைப்போர் எங்கு உழைக்கிறார்களோ அங்கே சம கூலியும், சங்கம் அமைக்கும் உரிமையும், ரேஷனும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெறும் போராட்டங்களின் வழியே அது படிப்படியாக உருவாகும். 1990 உடன்படிக்கையில் இந்தியா இணைய வேண்டும் என்று வலியுறுத்துவோம். அதே வேளையில் நம்மையும் கேட்டுக்கொள்வோம்: ஒடியாவோ வங்காளமோ பேசும் தொழிலாளிக்கு நம் சங்கத்தின் உறுப்பினர் படிவம் அவர் மொழியில் கிடைக்கிறதா? பொதுக்குழுவில் அவர் எழுந்து பேசினால், அதை நமக்குத் தமிழில் எடுத்துரைக்க ஒருவர் இருக்கிறாரா?