'கிரேவி'ன்னு சொன்னது ஒரு குத்தமா?

லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தின் ஊழியர் கேன்டீன். 1970-களில் அங்கே பரிமாறும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள்மீது ஒரே புகார். 'சிடுசிடுன்னு இருக்காங்க, மரியாதையே இல்லை' என்றார்கள், சாப்பிட வந்த சரக்குப் பிரிவு ஊழியர்களும் மேலதிகாரிகளும். இத்தனைக்கும் அந்தப் பெண்கள் பேசியதே ஒன்றிரண்டு வார்த்தைகள்தான்!

சிக்கலைக் கண்டுபிடித்தவர் ஜான் கம்பர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர். இறைச்சி வாங்கியவரிடம் அதன்மேல் ஊற்ற 'கிரேவி' வேண்டுமா என்று கேட்க வேண்டும். பிரிட்டிஷ் பெண்கள், 'கிரேவி' என்ற ஒற்றைச் சொல்லைக் குரலை உயர்த்தி முடித்தார்கள். ஆசியப் பெண்கள் குரலை இறக்கி முடித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், எதிரே நின்றவர் காதில் அது, 'இதுதான் கிரேவி, வேணும்னா வாங்கிக்கோ' என்று விழுந்தது.

தமிழில் இந்த வம்பு குறைவு. 'குழம்பு' என்றால் தகவல், 'குழம்பா' என்றால் கேள்வி. அந்த 'ஆ' ஒட்டிக்கொண்டால் போதும், எந்தக் குரலில் சொன்னாலும் கேள்விதான். ('சாப்பிட்டாச்சு?' என்று நாமும் குரலை ஏற்றிக் கேட்பதுண்டு, அது வேறு கதை.) ஆங்கிலத்தில் அப்படி ஒட்ட எதுவும் கிடையாது. 'டு யூ வான்ட் கிரேவி' என்று முழுசாகக் கேட்டால் சொற்களின் வரிசையே கேள்வியைக் காட்டிவிடும். ஒற்றைச் சொல்லாகச் சுருக்கினால், எல்லா பாரமும் குரல்மேல்!

'ஸாரி'யும் அப்படித்தான். இறக்கிச் சொன்னால் மன்னிப்பு. ஏற்றிச் சொன்னால் 'என்ன சொன்னீங்க?' போன் இன்டர்வியூவில் கேள்வி சரியாகக் கேட்காமல் 'ஸாரி' என்று இறக்கிச் சொல்லிப் பாருங்கள்... எதிர்முனை கேள்வியைத் திரும்பச் சொல்லாமல் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்.

கேன்டீன் பேச்சைப் பதிவு செய்து அந்தப் பெண்களுக்கே போட்டுக் காட்டினார்கள். 'ரெண்டும் ஒண்ணுதானே?' என்றுதான் முதலில் அவர்களுக்குத் தோன்றியது. வேலையிடத்தில் தங்களை ஒதுக்குகிறார்கள் என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். அன்றைய பிரிட்டனில் நிறவெறிக்குப் பஞ்சமில்லை என்பதால், அப்படி நினைத்ததிலும் தப்பில்லை. ஆனால், தினம் தினம் வாங்கிய முறைப்புகளில் பலவற்றுக்கு அந்த ஒற்றைச் சொல்லின் இறக்கம்தான் காரணம் என்பது விளக்கிச் சொன்ன பிறகே புரிந்தது. மேலதிகாரிகளுக்கும் ஒரு பாடம் நடந்தது. குரலை இறக்கிக் கேட்பது அந்தப் பெண்களின் ஊர் வழக்கம், அதில் திமிர் எதுவும் இல்லை என்று!