ஒரு வீடு... ஐந்து டப்பா!

உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியை ஒருதரம் திறந்து பாருங்களேன். சத்துப் பவுடர் டப்பா எத்தனை இருக்கிறது? சின்னவனுக்கு ஒன்று. பத்தாவது படிக்கிற பெரியவளுக்கு ஒன்று. 'எலும்புக்கு நல்லதாம்' என்று உங்களுக்கு ஒன்று. சர்க்கரை வியாதி இருக்கிற தாத்தாவுக்கு ஒன்று. மருமகள் உண்டாகியிருந்தால் அவளுக்குத் தனியாக இன்னொன்று. ஆக மொத்தம் ஐந்து!

முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரே ஒரு கண்ணாடி பாட்டில்தான். ஜுரத்தில் படுத்தவருக்கும் அதே, ஆஸ்பத்திரியில் இருக்கிறவரைப் பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழத்தோடு வாங்கிப் போனதும் அதே. காலியானால் கழுவிக் காயவைத்துப் பருப்பு போட்டு வைப்பார்கள். இன்றைக்கு அந்த ஒரு பாட்டில் ஐந்தானது எப்படி? நம் உடம்பு மாறவில்லை. விற்கிறவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வைதான் மாறிவிட்டது.

வியாபாரப் படிப்பில் இதற்கு 'மார்க்கெட் செக்மென்டேஷன்' என்று பெயர். சந்தையில் காய்கறிக்காரம்மா தக்காளியைக் கூறு கட்டி வைப்பார் இல்லையா? கனிந்தது ஒரு கூறு, காய்வெட்டு ஒரு கூறு. அதேதான்! ஆனால் இங்கே கூறு கட்டப்படுவது தக்காளி இல்லீங்க, நாம்!

ஊருக்கு ஒரு கதை

நாம் எல்லோருக்கும் தெரிந்த ஹார்லிக்ஸையே எடுத்துக்கொள்வோம். 1873-ல் அமெரிக்காவில் ஹார்லிக் சகோதரர்கள் இரண்டு பேர் ஆரம்பித்த தொழில் அது. முதலில் கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமான உணவு என்றுதான் விற்றார்கள். 1930-களில் இங்கிலாந்தில் கதை மாறியது. 'ராத்திரிப் பட்டினி' என்று ஒரு கோளாறைக் கண்டுபிடித்தார்கள். மருத்துவப் புத்தகத்தில் அல்ல, விளம்பரத்தில்! தூங்கும்போது உடம்பு பட்டினி கிடக்கிறதாம், அதனால்தான் காலையில் சோர்வாம், படுக்கப் போகும் முன் ஒரு கப் குடித்தால் சரியாகிவிடுமாம். அங்கே பெரியவர்களின் தூக்கத்துக்கான பானம் என்றே அது பெயர் வாங்கியது.

நம்ம ஊரில்? பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பும் முன் குடிக்கிற பானம்! அங்கே தூங்க வைப்பது, இங்கே சுறுசுறுப்பாக்குகிறது. அப்புறம் சின்னக் குழந்தைக்கு ஜூனியர், கர்ப்பிணிக்கு மதர்ஸ், பெண்களுக்கு வுமன்ஸ், சர்க்கரைக்காரருக்கு டயாபடீஸ் பிளஸ் என்று குடும்பமே பெருகிவிட்டது.

2008-ல் ஒரு வேடிக்கை நடந்தது. இந்தப் பானத்தைக் குடித்தால் குழந்தைகள் உயரமாக, பலமாக, கூர்மையாக வளர்வார்கள் என்று சொன்ன ஒரு டி.வி. விளம்பரம் பிரிட்டனில் ஒளிபரப்பாகிவிட்டது. 'இதற்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்டு, அந்த நாட்டின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை போட்டது. அப்போது இந்தப் பானத்தை விற்றுக்கொண்டிருந்த கம்பெனி சொன்ன விளக்கம்: அது வங்கதேசத்துக்காக எடுத்த விளம்பரம், இங்கே வந்திருக்கக் கூடாது! பிரிட்டிஷ் தாய்க்குச் சொல்லக் கூடாத ஒன்றை வங்கதேசத் தாய்க்குச் சொல்லலாமா? கேள்வி நியாயமானதுதானே?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரித்து விற்பது எல்லாமே தப்பு இல்லை. செருப்புக் கடையில் எல்லோருக்கும் ஒரே சைஸ் கொடுத்தால் ஒத்துக்கொள்வோமா? சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை சேர்க்காத பொருள் தேவைதான். தேவையைப் பார்த்துப் பிரித்தால் அது வியாபாரம். பயத்தைப் பார்த்துப் பிரித்தால்? 'பிள்ளை குள்ளமாகிவிடுமோ', 'பரீட்சையில் பின்தங்கிவிடுவானோ', 'கருவில் இருக்கிற குழந்தைக்குச் சத்துப் போதுமோ'... ஒவ்வொரு டப்பாவுக்கும் பின்னால் ஒரு பயம் நிற்கிறது, கவனித்தீர்களா?

கையில் இருக்கிற உளவாளி

டி.வி. காலத்தில் கம்பெனிக்கு ஒரு சங்கடம் இருந்தது. கர்ப்பிணிக்கான விளம்பரத்தைத் தாத்தாவும் பார்ப்பார், காலேஜ் பையனும் பார்ப்பான். காசு வீண். இன்டர்நெட் வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. செல்போனில் நீங்கள் தேடுவது, நின்று பார்க்கிற வீடியோ, வாங்குகிற சாமான், கர்ப்பக் கால 'ஆப்'பில் நீங்களே பதிவு செய்கிற பிரசவத் தேதி... இவற்றை வைத்து உங்களை ஒரு கூறில் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் பெயர்கூடத் தெரிய வேண்டாம். 'முதல் பிரசவம், ஏழாம் மாதம், சென்னை' என்று தெரிந்தால் போதாதா?

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 'டார்கெட்' என்று ஒரு பெரிய சங்கிலிக் கடை. வாடிக்கையாளர்கள் வாங்கும் சாமான்களில் சுமார் 25 பொருட்களை வைத்தே யார் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று அதன் புள்ளியியல் நிபுணர்கள் கணித்தார்கள். 2012-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை விரிவாக எழுதியது. வாசனை இல்லாத லோஷன், கால்சியம், துத்தநாக மாத்திரை... இப்படிச் சில சாமான்களே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு தெரிந்துகொண்டதை வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் கோபப்படுவாரே! அதனால் குழந்தை டயப்பர் விளம்பரத்துக்குப் பக்கத்தில் புல் வெட்டும் மெஷின் விளம்பரத்தையும் போட்டு, எல்லாம் தற்செயல் போலக் காட்டினார்களாம்.

புடவை, மிக்ஸி விற்க இதைச் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பச்சைக் குழந்தையின் பாலுக்கே இதைச் செய்தால்?

ராத்திரி இரண்டு மணிச் சந்தேகம்

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையைச் சொல்கிறேன். 2021-ன் முதல் ஆறு மாதங்களில் சமூக வலைத்தளங்களில் வந்த 40 லட்சம் பதிவுகளை அலசினார்கள். பால் பவுடர் கம்பெனிகள் ஒரு நாளைக்குச் சுமார் 90 பதிவுகள் போடுகின்றன, அவை போய்ச் சேருவது 22 கோடியே 90 லட்சம் பேரை! தாய்ப்பால் பற்றி வியாபார நோக்கமில்லாமல் போடப்படும் பதிவுகள் எட்டுவதைப்போல இது மூன்று மடங்கு. 'ஆப்' ஒரு வழி, தாய்மார் 'கிளப்' ஒரு வழி, காசு வாங்கிக்கொண்டு பேசுகிற பிரபலங்கள் ஒரு வழி. பல தாய்மார்களுக்கு அது விளம்பரம் என்றே தெரிவதில்லை.

இதில் என்ன கெடுதல் என்கிறீர்களா? முதல் குழந்தை பிறந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணி. குழந்தை விடாமல் அழுகிறது. 'எனக்குப் பால் போதலையோ?' என்று அந்தப் பெண் செல்போனில் தேடுகிறாள். அவ்வளவுதான், அவள் ஒரு கூறில் விழுந்தாச்சு! பால் பவுடர் படம் வந்து நிற்கிறது. ஒரு வேளை கொடுத்துத்தான் பார்ப்போமே என்று தோன்றும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்பது இயற்கையின் ஏற்பாடு. பாட்டில் உள்ளே வந்தால் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பால் குறையும். பொய்யாக ஆரம்பித்த சந்தேகம், பத்து நாளில் நிஜமாகிவிடும்!

ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் குழந்தை சிறுநீர் கழித்து, எடையும் ஒழுங்காக ஏறினால் பால் போதுமென்றே பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். பிறந்த முதல் சில நாட்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. சில தாய்மார்களுக்கு நிஜமாகவே பவுடர் பால் தேவைப்படலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் குழந்தையைப் பார்க்கிற டாக்டர், செல்போன் அல்ல.

நம் நாடு இந்த விஷயத்தில் பெருமைப்படலாம். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், பால் பாட்டில், குழந்தை உணவு எதற்கும் விளம்பரமே கூடாது என்று சட்டம் இருக்கிறது. 1992-ல் வந்தது, 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. ஆனால் வேலி முடிகிற இடத்தைப் பாருங்கள். இரண்டு வயது வரை வேலி. ஜூனியர் டப்பாவில் போட்டிருக்கிற வயது? இரண்டிலிருந்து ஆறு! வேலி முடிகிற இடத்திலேயே கடை ஆரம்பம்.

நாட்டுக்கு நாடு கூறு போடுவதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற தன்னார்வ அமைப்பு 2024 ஏப்ரலில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. நெஸ்லே கம்பெனியின் செரலாக், இந்தியாவில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் கூடுதல் சர்க்கரையோடு விற்கப்பட்டது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கூடுதல் சர்க்கரை இல்லை! ஐந்து வருஷத்தில் 30 சதவீதம் வரை குறைத்துவிட்டோம் என்றது கம்பெனி. அதே ஆண்டு அக்டோபரில், சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இங்கே கொண்டுவருவதாக அறிவித்தது. முடியும் என்றால் முன்பே செய்திருக்கலாமே?

நாமும் பேசலாம்

நாம் கேட்டால் மாறுகிறது என்பதுதான் இதில் தெம்பு தருகிற சேதி. 2023-ல் போர்ன்விட்டாவில் இருக்கிற சர்க்கரையைப் பற்றி ஒரு இளைஞர் சின்ன வீடியோ போட்டார். வக்கீல் நோட்டீஸ் வந்தது, அவர் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது நாடு முழுக்கப் பரவியாச்சு. அந்த வருஷக் கடைசியில் அந்தப் பானத்தில் சேர்க்கும் சர்க்கரை சுமார் 14 சதவீதம் குறைந்தது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இன்டர்நெட் கடைகள் இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்றது. காரணம், நம் உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்று கிடையவே கிடையாது! ஹார்லிக்ஸை இப்போது விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் அந்த மாதமே 'ஹெல்த்' என்ற சொல்லைத் தன் பிரிவின் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. எந்த வலையை வைத்து நம்மைப் பிடித்தார்களோ, அதே வலையில் நம் குரலும் போகிறது பார்த்தீர்களா?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முன்பக்கத்தை விடுங்கள், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் அதிகமாக இருப்பதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. சர்க்கரை முதல் மூன்று இடத்துக்குள் இருந்தால் யோசியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், திரவ குளுக்கோஸ் என்று வேறு பெயரில் இருப்பவற்றையும் பாருங்கள். ஒரு வேளைக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்து, நீங்கள் டம்ளரில் போடுகிற சர்க்கரையையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இரண்டு டப்பாக்களை அருகருகே வைத்துப் பின்பக்கத்தை ஒப்பிடுங்கள். பெயரும் விலையும் மாறுகிற அளவுக்கு உள்ளே இருப்பதும் மாறியிருக்கிறதா?

செல்போனில் 'இதைச் சாப்பிடுங்க' என்று யாராவது சொன்னால், இவர் டாக்டரா, காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாரா என்று கேளுங்கள். விளம்பரம் என்றால் அதைச் சொல்ல வேண்டும் என்பது விதி. சின்ன எழுத்தில் மூலையில் இருக்கும், தேடுங்கள்.

கேட்கிற எல்லா 'ஆப்'புக்கும் பிரசவத் தேதி, குழந்தையின் பிறந்த தேதியைக் கொடுக்காதீர்கள். போன் செட்டிங்கில் 'உங்களுக்கேற்ற விளம்பரம்' என்பதை நிறுத்தி வைக்க முடியும், பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் செய்து தருவார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கண்காணித்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, படிப்படியாகத்தான் அமலாகின்றன. அதுவரை காவல் நாம்தான்.

கடைசியாக ஒரு கணக்கு. இந்த மாத மளிகை லிஸ்ட் எழுதும்போது, டப்பாக்களின் விலையைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை, எத்தனை லிட்டர் பால், எத்தனை கிலோ கொண்டைக்கடலை, எத்தனை கட்டு முருங்கைக்கீரை வரும்? டாக்டர் எழுதிக் கொடுத்த டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் எழுதிக் கொடுத்ததை லிஸ்டிலிருந்து அடித்துவிடுங்கள். கம்பெனிக்கு நாம் ஐந்து கூறாக இருக்கலாம். அடுப்பில் ஒரே பானையில் வேகிற சுண்டலுக்கு நாம் எல்லோரும் ஒரே குடும்பம்தான்!