பூட்டிக் கிடக்கும் அலைக்கற்றை

2022 ஜூலை 26-ஆம் தேதி 5ஜி அலைக்கற்றை ஏலம் தொடங்கியது. மறுநாள் மத்திய அமைச்சரவை கூடி, 4ஜி சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாய் செலவில் சேவை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஏலம் முடிந்தபோது விற்பனைத் தொகை 1,50,173 கோடி ரூபாய். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் அலைக்கற்றைக் கொள்கையின் கோளாறு தெரிந்துவிடும். அந்தக் கிராமங்கள் எல்லாமே ஏதாவதொரு நிறுவனம் ஏற்கெனவே விலை கொடுத்து உரிமை வாங்கிய தொலைத்தொடர்பு வட்டங்களுக்குள்தான் இருந்தன. அந்த அலைவரிசையை அங்கே பயன்படுத்த அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிமை. அது பயன்படுத்தவில்லை, மற்றவர்கள் பயன்படுத்தவும் வழியில்லை. கடைசியில் பொதுப் பணத்தை எடுத்துக்கொண்டு அரசே போக வேண்டியதாயிற்று.

இப்போது 6ஜி பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். 2030 வாக்கில் அது வரும் என்கிறார்கள். எத்தனை மடங்கு வேகம், எந்த நாடு முந்தும் என்றே பேச்சு போகிறது. அதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு: உரிமை வாங்கியவர் பயன்படுத்தாத இடத்தில், பயன்படுத்த முன்வரும் இன்னொருவரை அனுமதிப்போமா?

அலைக்கற்றையை நிலத்தைப் போல நினைத்துக்கொண்டதில்தான் தவறு தொடங்குகிறது. தரிசாகப் போட்ட நிலம் அடுத்த ஆண்டு விளையும், விலையும் ஏறும். பயன்படுத்தாத அலைக்கற்றையில் அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. இன்று ஓர் ஊரில் சும்மா இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நாளைக்கு இரட்டிப்பாக எடுக்க முடியாது. இன்றைய பொழுது போனது போனதுதான்.

இதற்கு நாம் கொடுத்த விலையைச் சொல்கிறேன். 2016 அக்டோபர் ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை அரசு முதன்முறையாக விற்பனைக்கு வைத்தது. நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அடிப்படை விலை 11,485 கோடி ரூபாய். வாங்க ஒருவரும் வரவில்லை. 2021 மார்ச்சில் விலையை 6,568 கோடியாகக் குறைத்து மறுபடி வைத்தார்கள். அப்போதும் யாரும் வரவில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகு, ஜியோ 10 மெகாஹெர்ட்ஸை 22 வட்டங்களிலும் எடுத்துக்கொண்டது. கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அதற்கும் ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். கிராமங்களை எட்டுவதற்கு மிகவும் ஏற்ற பட்டை அந்த ஆறு ஆண்டுகளும் விலைக்காகக் காத்துக் கிடந்தது. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஏலத்தை நான் குறை சொல்லவில்லை. வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 பிப்ரவரியில் 122 2ஜி உரிமங்களை ரத்து செய்ததும் அதே நீதிமன்றம். 2ஜி ஒதுக்கீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள், வெளிப்படையான ஏலத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் 2ஜி வழக்குக்குப் பிறகு, ஏலத்தொகை எவ்வளவு என்பதே கொள்கையின் வெற்றிக்கு அளவுகோலாகிவிட்டது. பொதுச்சொத்து என்றால் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற பாதி மறந்துபோனது.

பட்டைக்குப் பட்டை விலை ஏன் இப்படி வேறுபடுகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸுக்கு 3,927 கோடி. 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 317 கோடி. 26 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 7 கோடிக்கும் சற்றுக் குறைவு. எல்லாமே ஒரு மெகாஹெர்ட்ஸுக்கான விலை. 700 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர், 3,300-க்கு 9 சென்டிமீட்டர், 26 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. அலைநீளம் குறையக் குறைய அதற்கேற்ற ஆன்டெனாவும் சிறுத்துவிடும், அது அள்ளும் சக்தியும் குறையும். ஒரே சக்தியில், ஒரே தொலைவில், தடையே இல்லாத வெளியில்கூட, 700-இல் கிடைப்பதில் ஏறத்தாழ 22-இல் ஒரு பங்குதான் 3,300-இல் கிடைக்கும். 26 கிகாஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. வழியில் ஒரு வேப்ப மரம் நின்றாலோ சுவர் குறுக்கிட்டாலோ நிலைமை இன்னும் மோசம்.

அப்படியிருக்க உயர்ந்த அலைவரிசைகளை ஏன் நாடுகிறார்கள்? அங்கேதான் அகலம் இருக்கிறது. கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய சூத்திரத்திலிருந்து இன்றுவரை யாரும் தப்பவில்லை. பட்டையின் அகலத்தை இரட்டித்தால் கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிக்கும். சக்தியை இரட்டித்தாலோ, சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தில், ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் நொடிக்கு ஒரே ஒரு பிட் கூடுதலாகக் கிடைக்கும். பத்து பிட் பதினொன்றாகும், அவ்வளவுதான். சின்ன அலைநீளத்தில் வேறொரு வசதியும் உண்டு. ஒரே பலகையில் பல டஜன் ஆன்டெனாக்களை அடுக்கி, அவற்றின் அலைகளை ஒன்றோடொன்று இசைத்து, ஒரு பயனரை நோக்கி ஒரு கற்றை, அடுத்தவரை நோக்கி இன்னொரு கற்றை என்று ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் பல பேருக்கு அனுப்பலாம். பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா 2010-இல் வகுத்துச் சொன்ன இந்த வழிதான் இன்றைய 5ஜி டவர்களின் உயிர். 64 ஆன்டெனாப் பலகைகள் இன்று சாதாரணம். இழந்த தூரத்தில் ஒரு பகுதியை இந்தக் கற்றைகள் மீட்டும் தருகின்றன.

நெரிசலான நகரத்துக்கு இது அருமையான தீர்வு. கிராமத்தின் சிக்கல் எதிர்த் திசையில் இருக்கிறது. டவரின் அலைபரப்பி பல பத்து வாட் சக்தியில் பேசும். 5ஜி பலகைகள் 200 வாட்டையும் தாண்டும். நம் கையிலிருக்கும் செல்போனின் உச்ச சக்தி பெரும்பாலும் 200 மில்லிவாட். டவர் சொல்வது போனுக்குக் கேட்கிறது, போன் சொல்வது டவருக்குக் கேட்பதில்லை. சிக்னல் கோடுகள் தெரிந்தும் அழைப்பு போகாமல் தவிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே ஊர்ப்புறத்துக்கான வடிவமைப்பு டவரில் தொடங்கக் கூடாது, போனில் தொடங்க வேண்டும்.

இந்தியப் பொறியாளர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி ஆகியவற்றின் ஆய்வாளர்கள், ஊராட்சி வரை கண்ணாடி இழை வந்துவிட்டால் அங்கே ஒரு டவர் வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களை எட்டிவிடலாம் என்று வாதிட்டார்கள். டவருக்கும் டவருக்கும் இடையே 6 கிலோமீட்டர், பயனர்கள் அதிகம் நகராத சூழல் என்ற நிலைமையை 5ஜிக்கான சோதனைகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-இல் ஏற்றது. பிறகு போன் அனுப்பும் அலையின் வடிவத்திலேயே கைவைத்தார்கள். வழக்கமான அலையில் திடீர் திடீரென்று உயரமான முகடுகள் எழும். அந்த முகடுகள் சிதையாமலிருக்க, போனிலுள்ள சக்திப் பெருக்கி தன் முழுத் திறனுக்கு வெகுவாகக் கீழேயே வேலை செய்யும். முகடுகள் எழாத சமமான அலை வடிவைக் கொடுத்தால், அதே பெருக்கியை விளிம்புவரை ஓட்டலாம். பேட்டரியும் போனும் மாறாமலே குரல் கூடுதல் தூரம் போகும்.

இந்த மாற்றங்களோடு 5ஜிஐ என்ற பெயரில் 2021-இல் உலக அங்கீகாரம் பெற்ற தரநிலையை, தனி வழி போனால் கருவிகளின் விலை ஏறும் என்று சொல்லி நிறுவனங்கள் எதிர்த்தன. கடைசியில் அது உலகப் பொதுத் தரநிலையோடு இணைக்கப்பட்டது. இணைத்தது சரி என்பதே என் கருத்து. உலகத்துக்கு ஒரு தரநிலை இருந்தால்தான் ஏழைக்கும் போன் வாங்கும் விலையில் கிடைக்கும். ஆனால் தொலைதூர ஊருக்கான சிந்தனை 6ஜியில் பின்சேர்க்கையாக நுழையக் கூடாது. முதல் வரைவிலேயே இருக்க வேண்டும்.

இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. 2027-இல் நடக்கவிருக்கும் உலக வானொலி மாநாடு அடுத்த தலைமுறைக்காகப் பரிசீலிக்கும் பட்டைகள் 4.4 கிகாஹெர்ட்ஸ் முதல் 4.8 வரை, 7.125 முதல் 8.4 வரை, 14.8 முதல் 15.35 வரை. எல்லாமே நம் 5ஜியின் 3,300 மெகாஹெர்ட்ஸ் நடுப்பட்டைக்கு மேலே. இவை நகரத்துக்கு அகலம் தரும், ஊர்ப்புறத்துக்குத் தூரம் தராது. 2023-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த 6ஜி சட்டகத்தில் எங்கும் இணைப்பு என்பது தனி இலக்காகவே இடம்பெற்றிருக்கிறது. அது காகிதத்தோடு நிற்கக் கூடாது என்பது நமக்கு வெறும் கொள்கை விருப்பம் அல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களைத் தொடர்புகொள்ள வழியில்லை. எத்தனை வீடுகள் அதனால் ஆளிழந்தன என்பதைத் தூத்தூரிலோ சின்னத்துறையிலோ கேட்டால் சொல்வார்கள். செயற்கைக்கோளிலிருந்து நேரே செல்போனுக்குப் பேசும் ஏற்பாடு உலகத் தரநிலைக்குள் வந்துவிட்டது. அதற்கும் அலைக்கற்றை வேண்டும்.

புதிய பட்டைகள் தூரம் தராதபோது, தூரம் தரும் பழைய பட்டைகளை ஓர் இடத்திலும் வீணாக்கக் கூடாது. இங்கேதான் உரிமத்தின் அளவு குறுக்கே நிற்கிறது. தமிழ்நாடு வட்டம் என்றால் சென்னை, புதுச்சேரி உட்பட மொத்தமும் ஒரே உருப்படி. அண்ணா சாலையில் அலை பரப்பும் உரிமையும் கொல்லிமலைச் சரிவில் பரப்பும் உரிமையும் ஒரே சீட்டில் போகின்றன. வாங்கியவர் வருமானம் வரும் இடத்தில் பயன்படுத்துவார். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. மீதி இடத்தையும் சேர்த்துப் பூட்டி வைக்க அனுமதித்தது நம் விதி.

பிரிட்டன் இதற்கு எளிய வழி கண்டது. அங்குள்ள ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 2019 முதல் உள்ளூர் அணுகல் உரிமம் தருகிறது. ஒரு பண்ணையோ கிராமமோ உள்ளூர் நிறுவனமோ, இந்த இடத்தில் இந்த நிறுவனத்தின் அலைவரிசை பயன்பாட்டில் இல்லை, எங்களுக்குக் கொடுங்கள் என்று விண்ணப்பிக்கலாம். ஆஃப்காம் உரிமையாளரைக் கேட்கும். அங்கே சேவை இருக்கிறது, அல்லது விரைவில் வரப்போகிறது என்று அவர் காட்டாவிட்டால், வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கு உரிமம் கிடைக்கும். கட்டணம் 950 பவுண்டு. மெக்சிகோவின் வஹாக்கா மலைக் கிராமங்கள் இன்னும் துணிச்சலாகப் போயின. பெரிய நிறுவனங்கள் வர மறுத்ததால் 2013-இல் தலேயா என்ற ஊர் தானே ஒரு செல்போன் நெட்வொர்க்கை நிறுவிக்கொண்டது. 2016-இல் பழங்குடிச் சமூகங்களின் அமைப்புக்கே அந்நாட்டு ஒழுங்காற்று ஆணையம் உரிமம் வழங்கியது. அமெரிக்காவில் கடற்படை ராடாரோடு பொதுமக்கள் ஒரே பட்டையைப் பகிர்கிறார்கள். கடலோர உணர்விகள் ராடாரைக் கண்டதும் தானியங்கி அமைப்பு மற்றவர்களை வேறு அலைவரிசைக்கு மாற்றுகிறது. போர்க்கப்பல் ராடாரோடு பகிர முடியுமானால், செல்போன் நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்வது முடியாத காரியமல்ல.

நம்மிடம் சட்டமும் இருக்கிறது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை, அவருக்குத் தீங்கான குறுக்கீடு நேராதபடி, இன்னொருவருக்கு இரண்டாம் நிலையில் ஒதுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. தகுந்த காரணமின்றிப் பயன்படுத்தாமல் கிடந்தால் ஒதுக்கீட்டையே முடித்துக்கொள்ளவும் வழி செய்கிறது. 2024 ஜூலை 5 முதல் இந்தப் பிரிவு நடைமுறையில் இருக்கிறது.

கோடிகளைக் கொட்டி வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுப்பதா என்று நிறுவனங்கள் கேட்கும். நியாயமான கேள்விதான். அவர்கள் பயன்படுத்தும் இடத்தில் யாரும் கைவைக்கப்போவதில்லை. பயன்படுத்தாத இடத்தில் இரண்டாம் நிலை உரிமத்தின் கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களுக்கே தரலாம். பின்னாளில் டவர் வைக்க முன்வந்தால், உரிய முன்னறிவிப்போடு இடத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும். குறுக்கீட்டு அச்சத்துக்கு மலையும் தூரமுமே பெரும்பாலும் விடை. மீதிக்குச் சக்தி வரம்பு போதும்.

வைஃபைக்காக 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதியான 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளை 2025 மே மாதம் அரசு வெளியிட்டதை இங்கே நல்ல அறிகுறியாகக் குறிப்பிட வேண்டும். அமெரிக்கா 2020-இலேயே 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டிருந்தது. நாம் தாமதமாக வந்தாலும் பகிர்வின் பக்கம் வந்திருக்கிறோம்.

7-ஆவது பிரிவின் கீழான விதிகளில் மூன்று ஏற்பாடுகள் இருந்தாக வேண்டும். எந்த ஊராட்சியில் எந்தப் பட்டை பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்களின் டவர் விவரங்களிலிருந்தே தொகுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 60 நாட்களில் உரிமையாளர் பதில் தராவிட்டால் அனுமதி தானாகக் கிடைக்க வேண்டும். கட்டணம் ஓர் ஊராட்சியோ மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கமோ செலுத்தக்கூடிய அளவில் இருக்க வேண்டும். இவை இனிவரும் ஏலங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் பயனில்லை. 2022-இல் விற்ற உரிமங்களின் காலம் இருபது ஆண்டுகள். 700 மெகாஹெர்ட்ஸும் அதில் அடக்கம். 2042 வரை அவை செல்லும். அதற்குள் 6ஜி வந்து பழசாகிவிடும். ஆகவே ஏற்கெனவே விற்ற பட்டைகளுக்கும் இந்த விதி பொருந்தும் என்பதை, அடுத்த ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே தொலைத்தொடர்புத் துறை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.