கரண்ட் பில்லை எடுத்து வையுங்கள்

திருவனந்தபுரத்தில் எங்கள் தெருவில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் போன மாதம் ஒரு கொட்டேஷனோடு வந்தார். பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். பெட்ரோலா, கரண்டா என்பதுதான் கேள்வி.

"நாகர்கோவில்ல என் மச்சினன் கரண்ட் வண்டி வெச்சிருக்கான். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆறதுங்கறான். நெஜமாடா?"

"அவருக்கு நிஜமா இருக்கலாம் மாமா. உங்களுக்கு எவ்வளவு ஆகும்னு சொல்ல உங்காத்து கரண்ட் பில் வேணும். கொண்டு வந்தேளா?"

அவர் கொண்டு வந்தது ஷோரூம் தாள் மட்டும்தான். கார் வாங்கப் புறப்படுகிற பெரும்பாலோரும் அப்படித்தான். கணக்கின் பாதி வீட்டு மேசை டிராயரில் கிடக்க, மீதிப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறோம். அந்தக் கணக்கை இங்கே முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் விலை. பெட்ரோல் கார் ஒன்றின் ஷோரூம் விலை 9.5 லட்சம், ஏறக்குறைய அதே அளவுள்ள மின்சாரக் கார் 13.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 லட்சம். இதில் கேரள அரசின் சாலை வரி கொஞ்சம் சரிக்கட்டுகிறது. 15 ஆண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாகக் கட்டும் வரி இது. 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு 13 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம். அதாவது முன்னதற்கு 1,23,500 ரூபாய், பின்னதற்கு 67,500 ரூபாய். வித்தியாசம் 3.44 லட்சமாகக் குறைகிறது. ஆனால் 2025 ஏப்ரல் முதல் 15 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் காருக்கு 8 சதவீதம், 20 லட்சத்துக்கு மேலே போனால் 10 சதவீதம். மேல் மாடலுக்கு ஆசைப்படும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரக் காருக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட ஒப்பீடுகள் எல்லாம் அந்த அளவுக்குப் பழசாகிவிட்டன. மின்சாரக் கார் கடனின் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சலுகை 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்தான்.

இனி ஓடும் செலவு. திருவனந்தபுரத்தில் பெட்ரோல் லிட்டர் 107 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். கிழக்கேகோட்டை, தம்பானூர் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 64 காசு. விளம்பரத்தில் போட்ட மைலேஜை நம்பாமல், டேங்க் நிறைய அடித்து, ஓடோமீட்டரைக் குறித்துவைத்து, மறுபடி டேங்க் நிரப்பும்போது வகுத்துப் பார்த்தால் உங்கள் எண் கிடைக்கும்.

மின்சாரக் காருக்கு ஒரு யூனிட்டில் 6 கிலோமீட்டர் என்று வைக்கலாம். காரின் திரை 7 என்று காட்டினாலும், சுவரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் கொஞ்சம் சூடாகி வீணாகும். மீட்டர் எண்ணுவது சுவரிலிருந்து போவதை. ஆகவே 6 தான் நேர்மையான எண்.

ஒரு யூனிட் என்ன விலை? மச்சினன் கணக்கு இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் அங்கே ஒரு படிக்கட்டு. கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் படிக்கட்டு வேறு மாதிரி கட்டப்பட்டது. மாதம் 250 யூனிட் வரை, அதாவது இரண்டு மாத பில்லில் 500 வரை, ஒவ்வொரு 50 யூனிட்டுக்கும் ஒரு விலை. முதல் படியில் யூனிட் சுமார் 3 ரூபாய் 35 காசு, ஐந்தாம் படியில் எட்டரை ரூபாய். மேல் படிக்குப் போனாலும் கீழ்ப்படியில் செலவான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலைதான். 250 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை அத்தனைக்கும் ஒரே உயர்ந்த விலை: 300 வரை என்றால் சுமார் 6 ரூபாய் 75 காசு, 400 வரை என்றால் சுமார் 8 ரூபாய், 500ஐத் தாண்டினால் சுமார் 9 ரூபாய் 20 காசு.

இதன் விளைவை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். மாதம் 200 யூனிட் செலவாகும் வீடு. மின்கட்டணம் சுமார் 1,000 ரூபாய். அங்கே ஒரு மின்சாரக் கார் வந்து மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கூடுதலாக 167 யூனிட், மொத்தம் 367. இப்போது எல்லா யூனிட்டும் 8 ரூபாய் விலைக்குத் தாவிவிடுகிறது. கட்டணம் சுமார் 2,900. ஏறியது 1,900 ரூபாய், 10 சதவீத மின்வரியோடு 2,100. அதை 167ஆல் வகுத்தால், கார் குடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் பன்னிரண்டரை ரூபாய் ஆகிறது. பில்லில் எங்கேயும் அப்படி ஒரு விலை அச்சாகியிருக்காது. ஃபிரிட்ஜும் மின்விசிறியும் அனுபவித்துவந்த குறைந்த விலையைக் கார் வந்து பறித்துவிட்டது, அந்த நஷ்டமும் காரின் கணக்கில்தான் சேர வேண்டும். நிலைக் கட்டணமும் படியோடு சேர்ந்து ஏறும்.

அப்படியும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசுதான். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு ரூபாய் என்று நம்பி ஏமாறவும் வேண்டியதில்லை.

மாதம் 250 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு நேரத்தைப் பொறுத்தும் விலை மாறும். மாலை 6 முதல் இரவு 10 வரை உச்சநேரம், கட்டணம் கூடுதல். பகலில் சற்றுக் குறைவு. வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்ததும் சார்ஜில் போடுவதுதான் மனித சுபாவம். அந்த ஒரு பழக்கத்தை மாற்றி, இரவு பத்துக்கு மேல் ஏறும்படி டைமர் வைத்துவிட்டால் போதும், ஆண்டு முழுக்க மிச்சம்.

இப்போது மூன்று வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வீடு நம் மாமாவுடையது. மாதம் 120 யூனிட், கார் ஓடுவது 500 கிலோமீட்டர். கோவில், ஆஸ்பத்திரி, சந்தை, எப்போதாவது சுசீந்திரம். பெட்ரோலில் மாதம் 3,820 ரூபாய். மின்சாரக் காரில் 83 யூனிட் கூடி மொத்தம் 203 ஆகும், 250ஐத் தாண்டாது, வரியோடு 600 ரூபாய்தான் ஏறும். மாதம் 3,220 ரூபாய் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூடுதலாகக் கொடுத்த 3.44 லட்சம் திரும்பிவர ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஆகும். அந்தப் பணம் 7 சதவீத வட்டியில் ஃபிக்சட் டெபாசிட்டில் இருந்திருந்தால் ஆண்டுக்கு 24,000 தந்திருக்கும். பென்ஷன்காரருக்கு அது சில்லறை இல்லை. வட்டியையும் சேர்த்தால் போட்டது திரும்ப 14, 15 ஆண்டு. பெட்ரோல் காரின் பதிவுக் காலமே 15 ஆண்டுதான்.

இரண்டாம் வீடு மேலே சொன்ன 200 யூனிட், 1,000 கிலோமீட்டர் வீடு. பெட்ரோலில் மாதம் 7,640, மின்சாரத்தில் 2,100. மிச்சம் 5,540. வட்டி பார்க்காமல் ஐந்தேகால் ஆண்டு, பார்த்தால் ஆறரை ஆண்டு. ஒரே காரைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு லாபம்தான். ஐந்து வருஷத்தில் மாற்றுகிறவருக்கு இல்லை.

மூன்றாம் வீட்டில் ஒருவர் தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருகிறார். போக வர 130 கிலோமீட்டர், மாதம் 22 நாள், 2,860 கிலோமீட்டர். நெடுவழியில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 17 கொடுக்கும். களியக்காவிளை தாண்டினால் பெட்ரோல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் அளவுக்கு மலிவு, இந்தப் பக்கத்துக்காரர்கள் பலரும் அங்கேதான் அடிக்கிறார்கள். அதையும் கொடுத்துவிடுவோம்: லிட்டர் 102. மாதம் 17,160 ரூபாய். மின்சாரக் காருக்கு 477 யூனிட் கூடி, வீட்டு பில் உச்சப் படிக்கே போனாலும் ஏறுவது 5,750 ரூபாய். மாதம் 11,400 மிச்சம். மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் வட்டியோடு கைக்கு வந்துவிடும். பாலராமபுரத்தில் நின்று நின்று ஊர்ந்து போகும்போது பெட்ரோல் என்ஜின் சும்மா எரியும். மின்சாரக் காரில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சக்தி பேட்டரிக்கே திரும்பும்.

ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரிக்குப் பொதுவாகத் தரப்படும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. இவர் ஓடும் வேகத்தில் 1,60,000 ஐந்து ஆண்டுக்குள் வந்துவிடும். எட்டு ஆண்டு என்பது இவருக்கு வெறும் எழுத்துதான். வாங்கும்போது ஆண்டைப் பார்க்காமல் கிலோமீட்டர் வரம்பைப் பார்த்துப் பேச வேண்டியவர் இவர்.

இன்ஷூரன்சில் ஒரு நுணுக்கம் உண்டு. மின்சார வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதம் தள்ளுபடி என்று எல்லோரும் சொல்வார்கள். 2022 ஜூன் முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். 30 முதல் 65 கிலோவாட் வரையுள்ள மின்சாரக் காருக்கு 2,904. தள்ளுபடி சரிதான். ஆனால் 65 கிலோவாட்டைத் தாண்டினால் 6,712. டாட்டா டியாகோ மின்சாரக் கார் முதல் வகையில் வரும். நெக்ஸான் மின்சாரக் காரின் மோட்டார் 65 கிலோவாட்டைத் தாண்டியது. அதே நெக்ஸானின் பெட்ரோல் வண்டிக்கு 3,416தான். தவிர, விலை கூடிய வண்டிக்குச் சொந்தச் சேதக் காப்பீடும் கூடும். என்ஜின் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இல்லாததால் சர்வீஸில் மிச்சமாவதை இது பெருமளவு தின்றுவிடும். அதனால்தான் மேற்படி கணக்குகளில் இரண்டையும் நான் சேர்க்கவில்லை. விற்கும்போதும் வாங்குகிறவர் முதலில் கேட்பது பேட்டரியின் நிலைமையைத்தான்.

இதுவரை சொன்ன எதுவும் வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தால்தான் செல்லும். நம் கரமனை அக்ரகாரத் தெருக்களை நினைத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், முன்னால் திண்ணை, அதைத் தாண்டினால் தெரு. கார் ஷெட் என்று தனியாக எங்கே இருக்கிறது? கார் நிற்பது தெருவில். ஒரு வீட்டில் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை விட்டு, திண்ணைமேல் இழுத்து, தெருவோரம் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வயர் தொட்டால் சுட்டது. மேலே மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று கிலோவாட் மணிக்கணக்கில் ஓடும் கம்பிக்கு அது இடமல்ல. தனி வயரிங், நல்ல எர்த், இ.எல்.சி.பி. மூன்றும் இல்லாமல் யாரும் காரைச் சார்ஜில் போடக் கூடாது. அந்தச் செலவும் காரின் விலையில் சேர்ந்ததுதான். பெரிய சார்ஜர் வைப்பதானால் த்ரீ ஃபேஸ் இணைப்பு தேவைப்படும், அதற்கும் தனிச் செலவு.

வெளியே சார்ஜ் செய்பவருக்கு யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 30 காசு. பெட்ரோலைவிட இன்னும் குறைவுதான். ஆனால் கூடுதல் விலை திரும்பிவரும் காலம் நீண்டுவிடும். குறைவாக ஓட்டுபவருக்கு அது திரும்பவே திரும்பாது.

அரசும் வாரியமும் செய்ய வேண்டியது இங்கேதான் இருக்கிறது. 2020இல் கே.எஸ்.இ.பி. தன் முதல் சார்ஜிங் நிலையங்களைத் திறந்தபோது, தலைநகருக்கானதை நமக்கு அடுத்த நேமத்துத் துணைமின்நிலையத்தில்தான் அமைத்தது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்காக மின்கம்பங்களிலேயே சார்ஜிங் முனைகள் வைத்ததும் அதே வாரியம்தான். கார் ஷெட் இல்லாத பழைய தெருக்களில், இரவில் மெதுவாக ஏறும் அதே மாதிரி முனைகளைக் கார்களுக்கும் வைத்தால், திண்ணைமேல் வயர் இழுக்கும் ஆபத்து ஒழியும். வண்டிக்கென்று தனி மின் இணைப்பு கேட்கும் உரிமையை 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் விதிகள் தந்திருக்கின்றன. அப்படி எடுத்தால் என்ன விலை, வீட்டு இணைப்பிலேயே போட்டால் என்ன விலை என்பதை ஒவ்வொரு செக்ஷன் ஆபீஸிலும் எளிய மலையாளத்திலும், நம் போன்றோருக்காகத் தமிழிலும், பலகையில் எழுதி வைக்க வேண்டும். சாதாரண மனிதன் தன் சேமிப்பை எடுத்துக் கொடுக்கும் விஷயம் இது. பாதி தெரிந்து பாதி தெரியாமல் அவன் கையெழுத்துப் போடக் கூடாது.

கார் வாங்கப்போகிறவர்கள் ஷோரூமுக்குப் போகுமுன் மூன்றை எடுத்து வையுங்கள்: கடைசி ஆறு கரண்ட் பில், பழைய வண்டி ஒரு வருஷத்தில் ஓடிய கிலோமீட்டர், வண்டி இரவில் எங்கே நிற்கும் என்ற பதில். மாதம் ஆயிரத்துக்கு மேல் ஓட்டம், வீட்டுக்குள் நிறுத்த இடம், பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் எண்ணம் மூன்றும் இருந்தால் தயங்காமல் மின்சாரக் கார் வாங்கலாம். ஒன்று குறைந்தால் எண்களை மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டு குறைந்தால் பொறுத்திருங்கள்.

மாமா மறுநாள் ஆறு பில்லையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். மாதம் 500 கிலோமீட்டர், நிறுத்த இடமில்லை. சிறிய பெட்ரோல் கார் போதும் என்று தானே சொன்னார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மார்த்தாண்டத்துக்குத் தினமும் கல்லூரியில் பாடம் நடத்தப் போகும் மகளிடம் காட்ட வேண்டுமாம். அவள் வீட்டில் கார் ஷெட் இருக்கிறது.