ஐந்து நிமிடச் சராசரி சொல்லும் பொய்

ஐபி போனில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று புகார் வந்தால் நெட்வொர்க் பொறுப்பாளர் முதலில் திறப்பது பயன்பாட்டு வரைபடத்தை. கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கும், பத்து சதவீதம். "லைன் காலியாகத்தானே இருக்கு, குரலுக்கு முன்னுரிமை தர்ற கியூஓஎஸ் எதுக்கு? வேணும்னா பத்து கிக் லிங்க் போட்டுக்கலாம்" என்று தீர்ப்பும் வந்துவிடும். அலுவலகத்துக்கு அலுவலகம் இன்று இதுதான் வேதவாக்கு. இது தவறு என்று காட்டப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

அந்த வரைபடம் பெரும்பாலும் ஐந்து நிமிடச் சராசரி. எம்ஆர்டிஜி என்ற கண்காணிப்புக் கருவியின் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். ஐந்து நிமிடம் என்றால் 3,00,000 மில்லி விநாடி. ஸ்விட்சில் நெரிசல் உண்டாக இரண்டே மில்லி விநாடி போதும். இரண்டு சர்வர்கள், தலா 1 ஜிபிபிஎஸ் வேகத்தில், ஒரே 1 ஜிபிபிஎஸ் போர்ட்டுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மில்லி விநாடிக்கு 1,25,000 பைட் வெளியேற வழியின்றி பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கும். அந்தப் போர்ட்டின் பங்கு 2,50,000 பைட் என்றால் இரண்டாவது மில்லி விநாடியில் அது நிரம்பிவிடும். பிறகு வருவது பேக்கப் கோப்பா, மனிதக் குரலா என்று பார்க்காமல் ஸ்விட்ச் தள்ளிவிடும்; இதுதான் 'டிராப்'. வரைபடத்தில் கோடு அசையக்கூட அசையாது.

லிங்க்கைப் பெரிதாக்கினால்? சர்வர் பக்கம் 10 ஜிபிபிஎஸ், மேசைப் பக்கம் பழைய 1 ஜிபிபிஎஸ். பல இடங்களில் நடப்பது இதுதான். அதே பஃபர் இப்போது கால் மில்லி விநாடிக்குள் நிரம்பும். காசு கொடுத்து வாங்கிய நெரிசல்! பஃபரைக் கூட்டுவதும் விடையாகாது. எல்லையற்ற நினைவகம் கொண்ட ஸ்விட்சுகள் என்றாலும், ஒரே வரிசையில் சுமை மிகும்போது பாக்கெட்டுகள் காத்திருந்தே ஆயுள் முடிந்து, எதுவுமே போய்ச் சேராது என்று 1985-லேயே ஜான் நேகிள் ஆர்எஃப்சி 970-இல் காட்டிவிட்டார்.

எதிர்த்தரப்பிடம் ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்பு, கியூபோன் என்ற பெயரில் முன்னுரிமைச் சேவையை முயன்று பார்த்துக் கைவிட்டது. ஆனால் அது பல நிர்வாகங்களைத் தாண்டிச் செல்லும் முதுகெலும்பு வலை. ஒரே நிர்வாகியின் கையிலிருக்கும் மாடி ஸ்விட்சுக்கு அந்தத் தீர்ப்பைப் பொருத்துவது அபத்தம்.

"கியூஓஎஸ் போட்டும் பார்த்தாச்சு, இன்னும் மோசமாச்சு" என்பவர்களும் பொய் சொல்லவில்லை. கேட்டலிஸ்ட் 3750 போன்ற பழைய ஸ்விட்சில் 'எம்எல்எஸ் கியூஓஎஸ்' என்ற ஒற்றைக் கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து போனால் என்ன ஆகும்? போர்ட்டுகள் எதையும் நம்பாத நிலைக்குப் போகும். போன் தன் பாக்கெட்டில் ஒட்டி அனுப்பிய டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறி பூஜ்யமாகிவிடும். பஃபர் போர்ட்டின் நான்கு வரிசைகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட, அன்றாடப் போக்குவரத்து மொத்தமும் தன் வரிசைக்குக் கிடைத்த சிறு பங்குக்குள் முட்டி மோதும், டிராப் கூடும். போன் ஈதர்நெட் தலைப்பில் இடும் முன்னுரிமை எண்ணான சிஓஎஸ் 5-ஐ நம்பச் சொன்னாலும், இயல்பு அட்டவணை அதை 46 ஆக்காமல் 40 ஆக்கும். 46-ஐ மட்டும் எதிர்பார்க்கும் ரவுட்டர் அதைக் கண்டுகொள்ளாது. பாதி வேலையின் பலனை முழு வேலையின் தலையில் கட்டினால் எப்படி?

முழு வேலைக்கு ஆகும் செலவும் அற்பம். ஜி.711 குரல் குறியாக்கத்தில் செல்லும் அழைப்பு ஒன்றுக்கு, ஒரு திசையில், ஈதர்நெட் தலைப்புகள் உட்பட விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட். நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் கிகாபிட் போர்ட்டில் ஒரு சதவீதத்தை எட்டாது. அதை முன்னுரிமை வரிசையில் விட்டால், ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட 1,500 பைட் பாக்கெட் கடக்க 12 மைக்ரோ விநாடி காத்திருந்தால் போதும். அந்த வரிசைக்கு ஒரு வரம்பும் வேண்டும்; இல்லாவிட்டால் மேலாளரின் வீடியோ, பேக்கப் சர்வர் என்று ஆளாளுக்கு 46-ஐ ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

வரிசைவாரியான டிராப் எண்ணிக்கை ஸ்விட்சிலேயே இருக்கிறது. பத்து கிக் கொட்டேஷனோடு வரும் பொறுப்பாளரிடம் நிதிப் பிரிவு முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான்.