பட்டறையில் பிக்கப்... அவசரம் வேண்டாமே!

பறித்த திராட்சை காத்திருக்காது. அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் பிக்கப் பட்டறைக்குப் போய்விட்டால், 'எப்போ முடியும்?' என்று உரிமையாளர் நச்சரிக்கிறார். இன்ஜினைப் பிரிக்கும் வேலையில் அந்த அவசரம் ஆபத்து.

பெரிய லாரிகளில் கேபினை முன்பக்கம் சாய்த்துவிடலாம். பிக்கப்பில் அந்த வசதி கிடையாது. டாடா ஏஸில் சீட்டைத் தூக்கியும், பொலிரோவில் பானெட்டைத் திறந்தும் பாதி வேலையை முடிக்கலாம். அதற்கும் மேல் என்றால்தான், சேசிஸில் ரப்பர் புஷ்ஷோடு போல்ட் போட்ட கேபினைக் கழற்றித் தூக்குவார்கள்.

பேட்டரி ஒயர், ஸ்டீயரிங் ஜாயின்ட், கிளட்ச், கியர் இணைப்பு, பிரேக் பைப் எல்லாம் கழன்ற பிறகே செயின் பிளாக்கில் கை வைக்க வேண்டும். தூக்கிய கேபினுக்கு ஸ்டாண்டு கட்டாயம். வெறும் செயினை நம்பி அடியில் தலையை நீட்டுவது, என்ன அனுபவசாலியாக இருந்தாலும் முட்டாள்தனம்.

கேபினை மாட்டியதும் லோடு ஏற்றிவிடாதீர்கள். கழற்றிய பிரேக் பைப்பில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் பெடல் பஞ்சுபோல அமுங்கும். சமதளத்தில் சமாளித்துவிடலாம்; குமுளியிலிருந்து லோயர்கேம்ப் இறக்கத்தில் முடியாது. வெறும் வண்டியை ஊருக்குள் ஓட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புங்கள்.