மஞ்சள் கருவை எறியாதீர்கள்

நாற்பது தாண்டிவிட்டால் மஞ்சள் கருவைத் தொடக் கூடாது, கொலஸ்ட்ரால் ஏறிவிடும். வீட்டிலும் வாக்கிங் போகும் இடத்திலும் இதைச் சொல்லாத ஆளில்லை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறு. அதில் அதிகம் நஷ்டப்படுவது வயதானவர்கள்.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது, அத்தனையும் மஞ்சள் கருவில். ஆனால் தின்றது அப்படியே ரத்தத்தில் போய்ச் சேர்வதில்லை. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் கூடினால், பெரும்பாலோருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். கெட்ட கொழுப்பை அதிகம் ஏற்றுவது நெய், வெண்ணெய், பாமாயிலில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் திறனை அது மட்டுப்படுத்துகிறது. ஒரு முட்டையில் அது ஒன்றரை கிராம் அளவுதான். வெள்ளைக்கரு ஆம்லெட் கேட்டு வாங்கி, அதை எண்ணெய் மிதக்கும் சால்னா ஊற்றிய பரோட்டாவோடு சாப்பிடுபவருக்குக் கொலஸ்ட்ரால் குறையப்போவதில்லை.

இந்தப் பயம் வெளியிலிருந்து வந்தது. நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கரு, அதற்கு மேல் வேண்டாம் என்று 1968இல் அமெரிக்க இதய சங்கம் சொன்னது. 2015-2020க்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி அந்த 300 என்ற வரம்பையே நீக்கிவிட்டது. நம் வீடுகளில் பழைய எச்சரிக்கை மட்டும் தங்கிவிட்டது.

பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், மாரடைப்பு வந்தவர்கள் எத்தனை முட்டை என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். அதைத் தீர்மானிப்பது ரத்தப் பரிசோதனையும் உடல்நிலையும்தான், பிறந்த ஆண்டல்ல.

வயதானால் தசை கரைகிறது, பசி குறைகிறது, புரதத் தேவை மட்டும் குறைவதில்லை. பல வீடுகளில் பேரனுக்கு முழு முட்டை, எழுபது வயது ஆச்சிக்கு வெள்ளை மட்டும். வெள்ளைக்கருவில் புரதம் உண்டு. ஆனால் வைட்டமின் ஏ, வைட்டமின் டி, கோலின் எல்லாம் மஞ்சளில்தான். இரண்டு கவளத்தோடு எழுந்துவிடும் ஆச்சிக்கு அந்த மஞ்சள் கரு பேரனைவிடக் குறைவாகத் தேவைப்படுவதில்லை.

கைக்குழந்தைக்கு ஒரு வயது வரை முட்டை ஆகாது என்பதும் சரியல்ல. ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போதே நன்றாக வேகவைத்து, மசித்து, கொஞ்சமாகக் கொடுக்கலாம். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

பச்சை முட்டை குடித்தால் எதிர்ப்பு சக்தி ஏறும் என்பதைத்தான் உறுதியாக மறுக்க வேண்டும். ஊட்டம் குறைந்த பிள்ளைக்குத் தினம் ஒரு முட்டை பெரிய பலம். நன்றாகச் சாப்பிடும் ஒருவரை அது சளி, காய்ச்சலிலிருந்து காக்கும் கவசமல்ல. பச்சையாகக் குடித்தால் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேர்கிறது, வேகவைத்தால் தொண்ணூறு சதவீதம். சால்மொனெல்லா கிருமியால் வாந்தி பேதியும் வரலாம். கர்ப்பிணி, குழந்தை, முதியவர் மூவருக்கும் ஆஃபாயில்கூட வேண்டாம், மஞ்சள் கெட்டியாகும் வரை வேகட்டும்.